மதுரைக்கு நிலநடுக்கம் வராதா?



சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில், வைகையின் வடகரையை அடுத்துள்ள எமது மதரஸாவின் நிர்வாகக் கூட்டம் நடைபெற்றது. தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட கட்டடத்தின்மேல் மற்றுமொரு மாடி எழுப்பி, ஹிஃப்ழு மாணவர் நாற்பது பேருக்குத் தங்குமிடம் அமைப்பது என்பது திட்டம். நன்கொடையில் பெரும்பகுதி சேர்ந்திருந்தது. துஆ ஓதி முடிக்கும் வேளையில், சிறுவயதில் எம்மிடம் ஓதி, இன்று கட்டடப் பொறியாளராக இருக்கும் இளைஞர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், கீழே நிக்கிற பில்லருக்குள்ள எத்தனை கம்பி ஓடுதுன்னு யாருக்காவது தெரியுமா? கட்டட வரைபடம் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

வரைபடம் எவரிடமும் இல்லை. கட்டிய கொத்தனார் வஃபாத்தாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சற்று நேர அமைதிக்குப் பின் ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர், "தம்பி, இது மதுரை. இங்கெல்லாம் பூகம்பம் வராது. நாயக்கர் மகால் நிக்குது, கோரிப்பாளையம் தர்கா நிக்குது. தவக்குல் வைங்கப்பா" என்றார். அவையோர் தலையசைத்தனர். நாமும் தலையசைத்தோம்.

அன்றிரவு அந்தத் தலையசைப்பு எம்மை உறங்கவிடவில்லை. வகுப்பில் ஒரு செய்தியைச் சொன்னால் அதன் ஸனது என்ன, அறிவித்தவர் யார் என்று கேட்கப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், "மதுரைக்குப் பூகம்பம் வராது" என்னும் செய்திக்கு ஸனது கேட்கவில்லையே! அதனைத் தேடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை.

கோவை குலுங்கிய நாள்

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், கோயம்புத்தூருக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பகுதியில் பூமி அதிர்ந்தது. அதன் அளவு ஏறத்தாழ 6 எனப் பின்னாளில் மதிப்பிடப்பட்டது. தென்னிந்தியா முழுவதும் அந்த அதிர்வை உணர்ந்தது. நம் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கங்களுள் கருவிக்காலத்தின் தொடக்கத்தில் பதிவான பெரியது இதுவே. அக்காலக் கோவை சிறிய ஊர். பெரும்பாலும் தாழ்ந்த வீடுகள். அதே அதிர்வு இன்று அதே இடத்தில் நிகழ்ந்தால், அது சந்திக்கப்போவது மாடிக்கு மேல் மாடி அடுக்கிய பெருநகரத்தை.

தென்னிந்தியப் பாறை மிகப் பழைமையானது, உறுதியானது என்பது உண்மை. இமயத்தின் அடியில் நிகழ்வதுபோல இரு பெருந்தட்டுகள் இங்கே மோதிக்கொள்ளவில்லை. எனினும் இப்பழம்பாறையில் பழைய தழும்புகள் பல உள்ளன. மதுரைச் சமவெளி அமர்ந்திருக்கும் பாறைத் தொகுதியை நிலவியலாளர் மதுரைத் தொகுதி என்றே அழைக்கின்றனர். அதன் வடக்கெல்லையில் பாலக்காடு–காவிரிப் பிளவு மண்டலமும், தெற்கெல்லையில் அச்சன்கோவில் பிளவு மண்டலமும் ஓடுகின்றன. இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்வதால் உண்டாகும் அழுத்தம் தட்டின் உட்பகுதியிலும் மெல்ல மெல்லச் சேர்ந்து, எப்போதேனும் இத்தகைய பழந்தழும்புகளின் வழியே வெளிப்படுகின்றது. தட்டின் விளிம்பில் அடிக்கடி வருவது, உட்பகுதியில் அரிதாக வருகின்றது. அரிதாக வருவதால்தான் அதனை மறந்துவிடுகின்றோம்.

மறந்தவர்களுக்கு நினைவூட்டல்களும் வந்துள்ளன. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கோட்டயம் மாவட்டத்தின் ஈராற்றுப்பேட்டை அருகே அளவு 5 கொண்ட அதிர்வு நிகழ்ந்தது. அடுத்த மாதமே அப்பகுதியில் மீண்டும் ஓர் அதிர்வு. 2001 செப்டம்பர் 25ஆம் நாள் இரவு, புதுச்சேரிக்கு அப்பால் வங்கக் கடலின் அடியில் 5.5 அளவில் நிலம் அதிர, சென்னையிலும் புதுச்சேரியிலும் மக்கள் வீதிக்கு ஓடி வந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று, சுமத்ராவுக்கு அருகே நிகழ்ந்த 9.1 அளவுப் பேரதிர்வு, கடல் வழியாக நம் கரையை அடைந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகை மாவட்டம் மட்டுமே 6,000க்கும் மேற்பட்டோரை இழந்தது. நாகூர் தர்காவின் வளாகம் வீடிழந்தோர்க்குப் புகலிடமாயிற்று. மாண்டவர்களுக்கு அடக்கத்தலமும் ஆயிற்று. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் அண்டை மீனவ ஊர் மக்களுக்கு உணவும் இடமும் அளித்தனர். அதிர்ந்த இடம் எங்கோ; ஜனாஸாக்கள் நம் கரையில்.

வரைபடத்தின் கடைசி நிறம்

நம் மூத்தவரின் கூற்றுக்கு ஒரு சான்று உண்டு என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட நிலநடுக்க மண்டல வரைபடம் நாட்டை இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. ஐந்தாவதே மிகுந்த ஆபத்துடையது. வடகிழக்கு மாநிலங்கள், காஷ்மீரின் ஒரு பகுதி, கட்ச், அந்தமான் ஆகியவை அதில் அடங்கின. தமிழகத்தில் சென்னை, காஞ்சிபுரம், வேலூர், சேலம், தருமபுரி, கோயம்புத்தூர் ஆகியவை மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டன. கேரளம் முழுவதும் மூன்றாம் மண்டலமே. மதுரை, திருச்சி, தஞ்சை முதலியன இரண்டாம் மண்டலம். அதாவது வரைபடத்தின் கடைசி நிறம்.

இங்கேதான் வரலாறு நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கின்றது. இந்த வரைபடம் முதன்முதலில் 1962இல் வெளியானபோது அதில் பூஜ்ஜியம் என்றொரு மண்டலமே இருந்தது. 1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப்பகுதியில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ 180 பேர் இறந்தனர். தக்காணம் அசையாது என்ற நம்பிக்கை அன்று அசைந்தது. 1970இல் திருத்தப்பட்ட வரைபடத்தில் பூஜ்ஜிய மண்டலம் நீக்கப்பட்டது.

எஞ்சிய மண்டலங்களுள் ஒன்றாம் மண்டலமே மிகப் பாதுகாப்பானது என்று கருதப்பட்டது. அந்த மண்டலத்தில்தான் மகாராஷ்டிரத்தின் கில்லாரி என்னும் ஊர் இருந்தது. 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கே சிற்றதிர்வுகள் பல உணரப்பட்டன. மக்கள் அஞ்சினர், பின்னர் பழகிவிட்டனர். 1993 செப்டம்பர் 30ஆம் நாள், விநாயகர் சிலைகளைக் கரைத்துத் திரும்பி ஊர் அயர்ந்து உறங்கிய அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன்னர், 6.2 அளவில் பூமி குலுங்கியது. லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் உயிரிழந்தனர்.

அவர்களைக் கொன்றது எது? அங்கிருந்த வீடுகளின் சுவர்கள், செதுக்காத கற்களை வெறும் மண்சாந்தில் அடுக்கிக் கட்டிய தடித்த சுவர்கள். வெயிலைத் தடுக்க வேண்டிக் கூரைமேல் பரப்பிய மண்ணோ தலைமுறை தலைமுறையாகக் கனத்துப் போயிருந்தது. சுவர் சரிந்ததும் அக்கூரை உறங்கியோர்மேல் இறங்கியது. அதே ஊர்களில் ஓலைக் குடிசையிலும் தகரக் கொட்டகையிலும் படுத்திருந்த ஏழைகள் பலர் பிழைத்துக்கொண்டனர். மரத்தூண்கள் கூரையைத் தாங்கிய வீடுகள் சிலவற்றில், சுவர் விழுந்தபோதும் கூரை நின்றது.

இதன் பின்னரே 2002ஆம் ஆண்டு வரைபடத்தில் ஒன்றாம் மண்டலமும் நீக்கப்பட்டது. சென்னையும் அப்போதுதான் இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்ந்தது. ஆக, நாம் நிம்மதி கொள்ளும் அந்த 'இரண்டு' என்னும் எண்ணுக்குக் கீழே முன்பு இரண்டு படிகள் இருந்தன. ஒன்றைக் கொய்னாவும் மற்றொன்றைக் கில்லாரியும் அழித்தன. வரைபடம் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்தவரை சொன்னது. அதனை 'வராது' என்று மொழிபெயர்த்துக்கொண்டவர்கள் நாம்தாம்.

காலடியில் உள்ள மண்

மண்டலம் ஒன்றாயினும் ஒரே ஊரில் எல்லா இடமும் ஒன்றல்ல. கடும்பாறையின்மேல் நிற்கும் வீட்டைவிட, வண்டல் மண்ணிலும் கொட்டி நிரப்பிய மண்ணிலும் நிற்கும் வீடு மிகுதியாக ஆட்டம் காணும். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நாட்டின் கடற்கரையில் நிகழ்ந்த நிலநடுக்கம், ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தலைநகரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. காரணம், அந்நகரின் பெரும்பகுதி பழைய ஏரிப்படுகையின்மேல் கட்டப்பட்டது. தொலைவில் தளர்ந்து வந்த அதிர்வை அந்த மென்களிமண் பன்மடங்காகப் பெருக்கியது.

மதுரையோ கண்மாய்களின் ஊர். வண்டியூர், செல்லூர், மாடக்குளம் என இன்றும் பெயர் சொல்லி அழைக்கும் கண்மாய்கள் ஒருபுறம். பெயர் மட்டும் எஞ்சி, கரையும் கலுங்கும் மறைந்து, மனைகளாகிவிட்ட ஊருணிகளும் குட்டைகளும் மறுபுறம். ஆற்றின் இருகரையிலும் வண்டல். தெற்கே திருமங்கலத்தை நோக்கிச் சென்றால் கரிசல். கோடையில் வெடித்து மழையில் வீங்கும் மண் அது. அதன்மேல் கட்டிய சுவர் நிலநடுக்கம் இல்லாமலே விரிசல் காண்பதைக் கட்டியவர்கள் அறிவர். மனை வாங்கும்போது பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கின்றோம். "இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது?" என்று அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்பவர் எத்தனை பேர்?

மகால் நிற்பதும் மாடி நிற்பதும்

நாயக்கர் மகால் நிற்கின்றதே என்ற கேள்விக்கு வருவோம். 1636ஆம் ஆண்டளவில் எழுந்த அம்மாளிகையின் தூண்களைக் கட்டிப்பிடிக்க ஓர் ஆளின் இரு கைகள் போதா. அதனைக் கொண்டு, ஒன்பது அங்குலப் பில்லரின்மேல் நாம் எழுப்பும் மூன்று மாடிக்கு நற்சான்று வழங்கலாகாது. ஒரு கட்டடம் இதுவரை விழவில்லை என்பது, அது இன்னும் சோதிக்கப்படவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

1819 ஜூன் 16ஆம் நாள் கட்ச் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில், பாலைநிலத்தின் குறுக்கே பல்லாயிரம் அடி நீளத்துக்கு ஒரு மேடு திடீரென எழுந்தது. மனிதர் கட்டாத அந்தக் கரைக்கு அவ்வூர் மக்கள் 'அல்லாஹ் பந்த்' என்று பெயரிட்டனர். அதே அதிர்வில், வெகுதொலைவில் அஹமதாபாத் நகரில், 1424இல் கட்டப்பட்ட ஜாமிஆ மஸ்ஜிதின் இரு மினாராக்கள் சரிந்தன. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் நின்றவை அவை. அவற்றின் அடிப்பகுதிகளை இன்றும் காணலாம்.

2001 ஜனவரி 26ஆம் நாள் கட்ச் மீண்டும் குலுங்கியது. அரசுக் கணக்கில் 13,800க்கும் மேற்பட்டோர் இறந்த அந்நாளில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அஹமதாபாத்தில் மட்டும் ஏறத்தாழ 750 பேர் மாண்டனர். அங்கே விழுந்தவற்றுள் பெரும்பாலானவை பழங்கட்டடங்கள் அல்ல, புதிய அடுக்குமாடிகள். கீழ்த்தளத்தை வாகனம் நிறுத்தச் சுவரின்றித் திறந்துவிட்டு, மேலே அறைகளை அடுக்கியவை. மேல்தளங்களைச் சுவர்கள் இறுக்கிப் பிடிக்க, கீழே பில்லர்கள் மட்டுமே அசைவு முழுவதையும் தாங்க வேண்டியதாயிற்று. அவை ஒடிந்தன. மதுரையின் புதிய தெருக்களில் நடந்து பார்ப்போருக்கு இத்தகைய வீடுகளைச் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. பள்ளிவாசல்களிலும் கீழே ஒளுச் செய்யும் ஹவுளும் வாகனங்களும், மேலே தொழுகைக் கூடமும் என்னும் அமைப்பு பெருகிவருகின்றது.

நிலம் அதிராமலும் கட்டடம் விழும் என்பதையும் கண்டோம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் ஒரு மழைநாளில் தானே சரிந்து 61 பேரைக் கொன்றது.

முன்னோர் கண்டது

இஸ்லாமிய வரலாற்றில் நிலநடுக்கம் புதிய செய்தியன்று. உமர் (ரலி) அவர்களின் காலத்தில் மதீனா அதிர்ந்ததாக அறிவிப்புகள் உள்ளன. மக்களின் நடத்தையில் புதிதாகப் புகுந்துவிட்ட தவறுகளை எண்ணிப் பார்க்குமாறு அவர்கள் எச்சரித்தார்கள். உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் தம் ஆளுகைக்குட்பட்ட ஊர்களுக்கு எழுதிய மடலில், இத்தகைய வேளையில் இறைவனிடம் மன்றாடவும் தர்மம் செய்யவும் பணித்தார்கள். இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி (ரஹ்) அவர்கள் நிலநடுக்கங்களுக்கென்றே 'கஷ்ஃபுஸ் ஸல்ஸலா' என்னும் நூலை இயற்றி, எந்த ஆண்டில் எந்த ஊர் அதிர்ந்தது, என்னென்ன விழுந்தன என்று வரிசைப்படுத்தினார்கள்.

அவர்கள் வாழ்ந்த கெய்ரோ நகரமே பெரும்பாடம். 1303ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அந்நகரின் மினாராக்கள் பல சேதமுற்றன. அல்அஸ்ஹரும் அல்ஹாகிம் மஸ்ஜிதும் அமீர்களால் பழுதுபார்க்கப்பட்டன. 1361இல், நிலநடுக்கம் ஏதுமின்றியே, சுல்தான் ஹசன் மஸ்ஜிதின் மினாரா ஒன்று இடிந்து, கீழே மக்தபில் இருந்த அனாதைச் சிறுவர்கள் உட்பட ஏறத்தாழ முந்நூறு பேர்மேல் விழுந்தது. ஹிஜ்ரி 886இல், அதாவது 1481இல், கெய்ரோ ஒரு கணம் அதிர்ந்தபோது ஸாலிஹிய்யா மதரஸாவின் உச்சிச் சுவரிலிருந்து ஒரு பகுதி பெயர்ந்து, ஹனஃபி தலைமைக் காஜியின்மேல் விழுந்து அவரை மாய்த்தது. இதனைப் பதிவு செய்தவர்கள் சுயூத்தி இமாமே. மதரஸா விழவில்லை; மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் போன்றதொரு சிறுபகுதி மட்டுமே விழுந்தது. ஓர் அறிஞரின் உயிரைப் பறிக்க அது போதுமானதாயிற்று.

"இது பாவத்தின் தண்டனைதானே, கட்டடத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?" என்று கேட்போர் உண்டு. இக்கேள்வி நம் தென்பாண்டிச் சீமையிலேயே ஒருமுறை எழுந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரை அழித்த பெருநிலநடுக்கத்தின் பின், காந்தியடிகள் அம்மாதம் 24ஆம் நாள் திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அனுப்பிய தண்டனை அது என்ற கருத்தை வெளியிட்டார். இரவீந்திரநாத் தாகூர் அதனை வெளிப்படையாக மறுத்தார். இயற்கை நிகழ்வை மனிதரின் ஒழுக்கக் கேட்டோடு அவ்வாறு பிணைப்பது மக்களின் பகுத்தறிவைக் கெடுக்கும் என்பது அவர் கவலை.

இதில் எமது நிலை எளியது. எதுவும் அல்லாஹ்வின் நாட்டமின்றி நிகழ்வதில்லை. அதிர்வு நம்மைத் தவ்பாவுக்கு அழைக்கின்றது. எனினும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரை ஷஹீதுகளின் வரிசையில் வைத்த நபிமொழி ஸஹீஹான நூல்களில் இருக்க, மாண்டவர்களைப் பாவிகள் என்று தீர்ப்பளிக்க நாம் யார்? தவ்பாச் செய்ய வேண்டியவர்கள் உயிரோடிருப்பவர்கள். எதிலிருந்து? பட்டியல் நீண்டது. அதில் அளவையில் மோசடியும் ஒன்று என்பதை மட்டும் நினைவூட்டுவோம். சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டுவதும், வரைபடத்தில் உள்ள கம்பியைக் கட்டடத்தில் காணாமல் செய்வதும், தராசில் கைவைப்பதற்குச் சற்றும் குறைந்த குற்றம் அல்ல. துருக்கியில் விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு 2018இல் பொதுமன்னிப்பு வழங்கினர். 2023 பிப்ரவரி 6ஆம் நாள் அதிகாலை வந்த 7.8 அளவு நிலநடுக்கம் அந்த மன்னிப்புச் சீட்டுகளைக் கேட்கவில்லை. அங்கு மட்டும் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

தவக்குல் பற்றி எம் மூத்தவர் சொன்னதற்கும் முன்னோரிடம் விடையுண்டு. கொள்ளைநோய் பரவிய ஷாமுக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃகிலிருந்து திரும்பியபோது, விதியை விட்டா ஓடுகின்றீர் என்று கேட்கப்பட்டது. ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கின்றேன் என்ற கருத்தில் அவர்கள் விடையளித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வை என்னும் பாடத்தை நாம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகின்றோம். அப்பாடத்தை நடத்தும் அறையின் பில்லரைத்தான் நாம் கட்டியிருக்கவில்லை.

பிள்ளைகள் இருக்கும் இடம்

ஆசிரியர் என்னும் முறையில் எம்மை மிகவும் உலுக்கியவை இரண்டு. 2005 அக்டோபர் 8ஆம் நாள், ரமழானின் முதல் வாரத்தில், காலை ஒன்பது மணிக்குச் சற்று முன், பாகிஸ்தானின் ஆளுகையிலிருந்த காஷ்மீர்ப் பகுதியும் பாலாகோட் முதலிய ஊர்களும் 7.6 அளவில் அதிர்ந்தன. வகுப்புகள் தொடங்கிவிட்ட நேரம். ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன; ஏறத்தாழ 17,000 மாணவர்கள் அவற்றினடியில் இறந்தனர் எனக் கணக்கிடப்பட்டது. 2001 குடியரசு நாளில் குஜராத்தின் அஞ்சார் ஊரில், கொடியேந்தி ஊர்வலம் சென்ற பள்ளிப்பிள்ளைகள்மேல் குறுகிய சந்தின் இருபுற வீடுகளும் சரிந்தன. மதுரையின் பழைய மஹல்லாக்களில் சந்துகள் எத்தனை குறுகியவை என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

செய்யத்தக்கவை

புதிதாகக் கட்டுவோர் மண்ணைச் சோதித்து, தகுதியுள்ள பொறியாளரின் வரைபடத்தின்படியே கட்டுக. செங்கல் சுவர் வீடாயின், லிண்டல் மட்டத்தில் கான்கிரீட் பெல்ட் வீட்டைச் சுற்றி எங்கும் அறுபடாமல் ஓட வேண்டும். பெட்டியைச் சுற்றிய கயிறுபோல அது நான்கு சுவர்களையும் பிரியாமல் பிடிக்கும். பில்லர் வீடாயின், பில்லரும் பீமும் சேரும் இடத்தில் ரிங் கம்பிகளை நெருக்கமாகக் கட்டி, அவற்றின் முனைகளை உள்நோக்கி நன்கு மடக்க வேண்டும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு, புகுமுகத்துக்கு நாம் ஒட்டும் அலங்காரக் கல்லின் செலவை மிஞ்சாது. கீழ்த்தளத்தை முழுவதும் திறந்துவிட வேண்டுமாயின், அதனைப் பொறியாளரிடம் முன்பே சொல்லித் தக்கவாறு வடிவமைக்கச் செய்க. பழைய கட்டடத்தின்மேல் மாடி எழுப்புமுன், அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்காமல் ஒரு செங்கல்லும் வைக்க வேண்டா.

இருக்கும் வீட்டில், உயர்ந்த பீரோவையும் கிதாபு அலமாரியையும் சுவரோடு இறுக்குக. படுக்கும் இடத்தின் தலைமாட்டில் கனமான பொருள் வேண்டா. விரிசல் கண்ட கைப்பிடிச் சுவரையும் தளர்ந்த சன்ஷேடையும் பழுதுபார்க்க. மாடிப்படியில் மூட்டைகளை அடுக்காதீர்.

அதிரும்போது வீட்டினுள் இருப்பவர், படிக்கட்டை நோக்கியோ லிஃப்டை நோக்கியோ ஓடலாகாது. உறுதியான மேசையின்கீழ் குனிந்து, அதன் காலைப் பற்றிக்கொள்க. நம் மக்தபுகளில் மேசை இல்லை. பிள்ளைகள் ரைஹாலை முன்வைத்துத் தரையில் அமர்ந்திருப்பர். எனவே, கண்ணாடிச் சன்னலையும் அலமாரியையும் விட்டு விலகி, உட்சுவரை ஒட்டிக் குந்தி, இரு கைகளாலும் தலையையும் பிடரியையும் மூடிக்கொள்ளக் கற்பிக்க வேண்டும். ஆட்டம் நின்றபின், வரிசையாகத் திறந்த வெளிக்கு வருக. வெளியில் இருப்பவர் சுவர், மின்கம்பம், மினாரா ஆகியவற்றிலிருந்து விலகி நிற்க. பள்ளிவாசலில் இருப்பவர் ஒரே வாசலில் நெரிய வேண்டா. உயிர் காக்கத் தொழுகையை முறிப்பதற்கு மார்க்கம் இடமளித்திருக்கின்றது. பின்னர் எரிவாயு உருளையையும் மின்சாரத்தையும் அணைத்துவிட்டு, பின்னதிர்வுகளை எதிர்பார்த்து, விரிசல் கண்ட கட்டடத்தினுள் மீண்டும் நுழையாதிருக்க. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டறையின் எண் 1077. மாநில அளவில் 1070.

தோண்டியபோது கண்டது

அடுத்த கூட்டத்தில் இவ்வரலாற்றை எம்மால் இயன்றவரை எடுத்துரைத்தோம். முதலில் தலையசைத்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதையும் சொன்னோம். ஒரு பில்லரின் ஓரத்தைத் தோண்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. மூன்றடி ஆழத்தில் அடித்தளம் முடிந்துவிட்டது. அதன்கீழ் இருந்தது கெட்டி மண்ணன்று. உடைந்த ஓடும் சாம்பலும் கலந்த கொட்டுமண். அப்போதுதான் முன்பு பேசிய அதே மூத்தவர், சற்று நேரம் குழியைப் பார்த்திருந்துவிட்டு, "நான் சின்னப் பையனா இருந்தப்போ இந்த மூலையில குட்டை இருந்துச்சு. இதுலதான் எருமை குளிப்பாட்டுவாங்க" என்றார்.

மூன்றாவது தளம் கைவிடப்பட்டது. தங்குமிடம் முற்றத்தின் கீழ்ப்புறத்தில், மண் சோதித்து, ஒரே தளமாகக் கட்டப்படவுள்ளது. இடம் சிறியது; நாற்பது பேருக்குப் பதில் பதினெட்டுப் பேருக்கே ஆகும். நன்கொடையாளர் இருவர் வருந்தினர். ஒருவர் தம் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது அவர் உரிமை. சேரக் காத்திருந்த பிள்ளைகள் சிலரை வேறு மதரஸாவுக்கு அனுப்ப நேர்ந்தது எமக்கு வருத்தமே. எனினும், பெற்றோர் நம்மிடம் ஒப்படைத்த பிள்ளை அமானத். அந்த அமானத்தை எதன்மேல் உறங்க வைக்கின்றோம் என்று கேட்க, பூமி அதிரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வாசகர்களே! இந்த ஜும்ஆவுக்குச் செல்லும்போது உங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் முத்தவல்லியிடம் பணிவோடு ஒன்றைக் கேளுங்கள்: "இக்கட்டடத்தின் வரைபடம் எங்கே இருக்கின்றது?" இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். இல்லையாயின், வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.

அல்லாஹ் நம் இல்லங்களையும் மஸ்ஜிதுகளையும் அவற்றில் ஓதும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக! இடிபாடுகளில் மாண்ட அனைவரின் குடும்பங்களுக்கும் ஆறுதல் அளிப்பானாக! ஆமீன்.